செம்பன் விழுந்த பிறகு

டைஸ் உருண்டு போய் முறுக்குத் தட்டில் இடித்து நின்றது. மேசையைச் சுற்றியிருந்த நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள், மூன்று பேர் உடனே நிமிர்ந்துவிட்டார்கள், பெர்னதெத் மட்டும் நிமிரவில்லை. இருபது முகம் கொண்ட அந்த நீல டைஸின் மேல்முகத்தில் பதினொன்று இருந்தது. பதினொன்றுக்கு என்ன என்று பார்க்க அவளுக்குக் காயப் பட்டியல் வேண்டியதில்லை, எழுதியவளே அவள்தான், பதினொன்று என்றால் கால், முழங்காலுக்குக் கீழே, திரும்ப வராது. பொன்மலைப்பட்டி வீட்டின் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தின் சோம்பலோடு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சமையலறையில் அம்மா டீக்குத் தண்ணீர் வைத்த சத்தம் கேட்டது, உருட்டிய கதிரேசன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். விழுந்தது அவனுடைய ஆள், செம்பன் என்கிற வணிகக் கூட்டத்துக் காவல்காரன், மற்ற இரண்டு பேரும் கயிற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை பின்னால் நின்று தனியாக வாள் வீசி, உடம்பில் இருந்த உயிர்க்கணக்கு ஒவ்வொன்றாகக் குறைந்து சைபரில் வந்து நின்று, பாலத்தோடு சேர்ந்து பள்ளத்தில் விழுந்தவன். ஆளுக்கொரு கற்பனை மனிதனை வைத்துக்கொண்டு, உலகத்தை பெர்னதெத் சொல்ல, அந்த மனிதன் என்ன செய்கிறான் என்பதை மற்ற மூன்று பேர் சொல்ல, நடக்குமா நடக்காதா என்பதை டைஸ் சொல்ல, கல்லூரி முடித்த காலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிற விளையாட்டு இது. யாராவது கேட்டால் அம்மா தாயக்கட்டை மாதிரி ஏதோ ஒன்று என்பாள். இதில் யார் விழுந்தாலும் ஒரு பேச்சு வரும், ஒரு கேலி வரும், இப்போது ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கடை ஷாகுல் முறுக்கை உடைத்துக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்தும் கோதை மின்விசிறியைப் பார்த்தாள். கடைசியில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் கதிரேசன்தான் பேசினான்.

"செத்துட்டான்னே வச்சுக்கலாம் பெர்னா. நான் வேற ஆள் எடுத்துக்கறேன்."

முதலில் டீ குடிக்கலாம், அப்புறம் பேசலாம் என்று ஷாகுல் எழுந்து செல்போனோடு வாசல் பக்கம் போனான். அம்மாவுக்கு உதவப் போவதாகச் சொல்லி கோதை சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள். வண்டியை வெயிலில் விட்டுவிட்டேன், நிழலில் வைத்துவிட்டு வருகிறேன் என்று கதிரேசன் சாவியை எடுத்துக்கொண்டான். வண்டி அவன் வந்ததிலிருந்தே பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில்தான் நின்றது, ஜன்னல் வழியாக அவளுக்கே தெரிந்தது.

செத்துட்டான்னே வச்சுக்கலாம். மேசையில் அவளும் டைஸும் மட்டும் இருந்தார்கள். வச்சுக்கலாம் என்றால் என்ன, சாகவில்லை, ஆனால் செத்ததாக நாம் எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதானே, என்று அவள் டைஸை எடுக்கப் போய், எடுக்காமல், விரலால் தொட்டுவிட்டு விட்டாள், எடுத்தால் பதினொன்று கலைந்துவிடும். வலது குதிகாலில் அரிப்பெடுத்தது. அந்தக் குதிகால் இல்லை. இல்லாத இடத்தில் அரித்தால் சொறிய முடியாது, இருக்கிற இடது காலின் குதிகாலைச் சொறிந்தால் சில நாள் ஏமாந்து அடங்கும், இன்றைக்கு ஏமாறவில்லை. மேசைக்கு அடியில் கையை விட்டு, செயற்கைக்கால் முழங்காலோடு சேருமிடத்தில் உறையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள், உள்ளே வியர்வை ஊறி வழுக்கியது. பூசைக்குப் போட்ட கால், வந்ததும் கழற்றியிருக்க வேண்டும், பிள்ளைகள் வருகிற நேரம் என்று கழற்றவில்லை. பிள்ளைகள் என்றுதான் அம்மா இன்னும் சொல்கிறாள், ஷாகுலுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது, கோதைக்கு மகளே இருக்கிறாள். இவர்கள் முன்னால் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்காரலாம், எத்தனையோ ஞாயிறு உட்கார்ந்திருக்கிறாள், ஒருமுறை ஷாகுல் போகிற போக்கில் அதன்மேல் தொப்பியை மாட்டிவிட்டுப் போனான், எல்லோரும் சிரித்தார்கள். கதிரேசன் சிரிக்கவில்லை. கதிரேசன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவன் எப்போதும் அவளுடைய இடது கைப்பக்கமாகத்தான் உட்காருவான், அதை அவள் கவனித்திருக்கிறாள், கவனித்ததை அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் அடுத்த வாரம் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து அங்கேயும் நிம்மதியில்லாமல் நெளிவான்.

காயத்துக்கு விதி எழுதியது அவள்தான், முதல் முறை எழுதியபோது சிரித்துக்கொண்டே எழுதினாள். விளையாட்டின் சொந்த விதியில் எவ்வளவு அடிபட்டாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், அது சப்பென்று இருக்கிறது, நம் வீட்டு விளையாட்டில் அடிபட்டால் அடிபட்ட மாதிரி இருக்க வேண்டும் என்று ஷாகுல் கேட்டான், அவள் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிற இடைவெளியில் உட்கார்ந்து இருபது வரி எழுதினாள். கண் போனால் அம்பு குறி தப்பும், கை போனால் பெரிய வாள் கிடையாது, கால் போனால் பாதி வேகம், பயமாக இருந்தால் மலைக்கோயில் பூசாரிக்குத் தங்கம் கொடு, அடுத்த அமாவாசைக்குள் முளைத்துவிடும். முளைத்துவிடும் என்று எழுதிய விரல் இதே விரல்தான் என்று நினைத்தால் அன்றைக்கிருந்த அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை, பிரியமாகத்தான் இருக்கிறது, பாவம், அவளுக்கு என்ன தெரியும், அவளுக்குத் தெரிந்த காயமெல்லாம் சைக்கிளில் விழுந்து முழங்கை உரிந்ததுதான். பிறகு அந்த வருடம் வந்தது, விளையாட்டு நின்றது, மறுபடி தொடங்கியபோது கதிரேசன் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான், காயப் பட்டியல் வேண்டாம், எடுத்துவிடலாம். அவளும் சரி என்றாள், அவளுக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பட்டியல் இல்லாத அந்த மாதங்களில் மேசையில் ஒரு விநோதமான ஜாக்கிரதை வந்து உட்கார்ந்தது. யாரும் விழவே இல்லை. யாராவது விழப்போகும் நேரத்தில் ஒருவர் மருந்துக் குப்பியோடு ஓடிவந்தார்கள், நொண்டி என்ற வார்த்தை வந்துவிடுமோ என்று கோதை ஒருமுறை 'நொ' என்று தொடங்கி நொச்சி இலை என்று முடித்தாள், காட்டில் நொச்சி இலைக்கு வேலையே இல்லை. அன்றைக்குப் படுத்தபோது பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் ஒரு பயமும் வந்தது, இவர்கள் என்னோடு விளையாடவில்லை, என்னைச் சுற்றி நடந்து போகிறார்கள், ஈரத்தரையைச் சுற்றிப் போவது மாதிரி.

அதனால் மறுபடி எழுதினாள். இந்தமுறை பூசாரி இல்லை, தங்கம் இல்லை. ஒருவன் விழுந்தால் அவனை ஆடுகிறவன் இரண்டில் ஒன்றைச் சொல்லலாம், சாகிறான் என்று சொன்னால் அதோடு முடிந்தது, மரியாதையாக வழியனுப்பிவிட்டுப் புது ஆள் எடுத்துக்கொள்ளலாம். பிழைக்கிறான் என்றால் டைஸை உருட்ட வேண்டும், எது வந்தாலும் அது அவனோடு இருக்கும். உருட்டியபின் மாற்றமில்லை. இதுவரை ஒரே மூச்சில் எழுதினாள், அடுத்ததை எழுதும்போதுதான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தாள். கால் போனவன் குதிரை ஏற மறுபக்கம் பழக வேண்டும், முதலில் விழுவான். மழையில் கட்டைக்கால் ஊறும். படி ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஒரு முழுநாள் நடந்தால் மறுநாள் கட்டையைக் கழற்றிவைத்தாக வேண்டும், அந்த நாள் அவன் மட்டும் நிற்பதில்லை, கூட்டத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஒருத்தனுக்காக எல்லோரும் ஏன் ஒரு நாளை இழக்க வேண்டும், ஆட்டம் இழுக்குமே என்று கோதை கேட்டாள், உண்மையாகவே சந்தேகமாகக் கேட்டாள், பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவளே நிறுத்திவிட்டு, சரி, நின்னுதான் போவோமே என்றாள். ஷாகுல் அப்படியென்றால் தன் ஆள் ஒரு மாட்டுவண்டி செய்து வைத்துக்கொள்வான் என்று சொல்லி, அந்த வாரமே மூன்று ஞாயிறு ஆட்டத்தில் சேர்த்த மரத்தையெல்லாம் வண்டிக்குச் செலவழித்தான், இன்னும் யாருக்கும் கால் போகவில்லை, வண்டி மட்டும் தயார். யாருக்கு இப்படி நாலு பேர் கிடைப்பார்கள், இல்லை, மூன்று பேர், நாலாவது நான்தானே. கதிரேசன் அன்றைக்கு விதியைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, நான் விழுந்தா சாகறதைத்தான் எடுப்பேன், எனக்குப் புது ஆள் உண்டாக்கறது பிடிக்கும் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனான்.

செத்துட்டான்னே வச்சுக்கலாம். அப்படியென்றால் ஏன் உருட்டினான். சாகிறான் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள், ஆனால் பாலம் அறுந்ததும் அவன் கை தானாகப் போய் டைஸை எடுத்தது, அவள் பார்த்தாள், அந்தக் கைக்குச் செம்பன் பிழைக்க வேண்டும் என்று இருந்தது. பதினொன்றைப் பார்த்ததும்தான் வாய் வேறு சொன்னது. கண் போயிருந்தால் வைத்துக்கொண்டிருப்பான். கை போயிருந்தாலும் வைத்துக்கொண்டிருப்பான். கால் என்றதும் செத்துட்டான். கால் இல்லாமல் இருப்பதற்குப் பதில் செத்துவிடலாம் என்று இவன் நினைக்கிறானா. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே, இவள் எப்படித்தான் இருக்கிறாளோ, நானாக இருந்தால் இருந்திருக்க மாட்டேன் என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்குமா. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற பெண்கள் முகத்தில் அது ஓடும், அவளுக்குத் தெரியும், கோயிலில் பெஞ்சில் ஒதுங்கி உட்காருகிற கிழவர் முகத்தில் ஓடும், அதெல்லாம் பழகிவிட்டது, அவர்கள் யாரோ. ஆனால் இவன் முகத்தில் அது இருந்தால். இவன் முகத்தில் இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, நினைப்பு அந்த இடத்தில் கால் இடறி நின்றது, நகர மறுத்தது, மறுபடி ஆரம்பத்துக்கே போய், செத்துட்டான்னே, என்றது. ஜன்னலில் வேப்பமரத்தடியில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், வண்டிக் கண்ணாடியை, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை. புது வண்டி. பழையதை விற்கவில்லை, யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டான் என்று கேள்வி.

பழைய வண்டி கறுப்பு. அதில் பின்னால் உட்கார்ந்து தஞ்சாவூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள், கோதையின் தங்கை கல்யாணம், வயிறு நிறைய பந்திச் சாப்பாடு, காற்றில் தூக்கம் சொக்கியது, கதிரேசன் ஏதோ சொல்ல அவள் என்ன என்ன என்று கேட்க, நாய். அவ்வளவுதான், நாய். பழுப்பு நிறம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடிவிட்டது, அதுவும் ஒரு ஆறுதல்தான். அப்புறம் ரோடு கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது, சூடாக, பின்னால் வந்த லாரியின் பிரேக் ஓலம் நீண்டுகொண்டே போனது, அது நிற்கிறவரைக்கும் அவளுக்கு வலிக்கவில்லை, நின்ற பிறகுதான். அந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு எப்போதும் கையை உதறிக்கொண்டு ஓடும், புளியமரம், கரும்புச்சாறு வண்டியின் மணி, யாரோ ஒரு அம்மா ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டே அவள் சேலையை இழுத்து மூடியது, டீசல் வாசனை. இன்றைக்கு அவள் அதை ஓடவிடவில்லை, பிடித்து நிறுத்தினாள், ஏனென்றால் அங்கே கதிரேசன் இருந்தான். அவன் நெற்றியிலிருந்து ரத்தம் வடிந்து ஒரு கண் மூடியிருந்தது, பெல்ட்டை உருவி அவள் தொடையில் சுற்றி முறுக்கி, முழங்காலால் அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தான், அசையவே இல்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை அசையவில்லை. கூட்டத்தில் யாரோ அவனை இழுத்து நீ உட்காருப்பா உனக்கும் அடி என்றதற்குக் கெட்ட வார்த்தை சொன்னான், அதுவரை அவன் வாயில் அவள் கேட்டிராத வார்த்தை. அவள் கண் சொருகியது. பெர்னா, பெர்னா, அந்த உப்புக்கோட்டைக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு, சொல்லு, என்றான். அந்த வாரம் ஆட்டம் அந்தக் கதவுக்கு முன்னால்தான் நின்றிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அந்த நிலைமையிலும் கோபம், முன்கூட்டியே கேட்கிறானே, சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்ன இருக்கும். சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லுடி என்று கெஞ்சினான். போடா என்றாள். ராட்சசனா, புதையலா, எதையாவது ஒண்ணைச் சொல்லு. சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன், என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ரகசியத்தைப் பிடித்தபடியே விழித்திருந்தாள், சைரன் கேட்கிறவரைக்கும். இப்போது நினைத்தால், வலியைவிட அந்தப் பிடிவாதம்தான் துல்லியமாக ஞாபகம் வருகிறது, அவளுக்குத் தெரியாத ஒரு பெண் அந்த ரோட்டில் படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரும் என்பதைச் சந்தேகப்படவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது அவள் பார்த்ததில்லை, அப்பா சொல்லித் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு ஓசூரில் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். டாக்டர் போனில் பேசினார், கால் நசுங்கிவிட்டது, காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் பார்க்கிற நேரத்தில் உயிர் போகலாம், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் இரும்போடு இருந்த அப்பாவுக்கு நாக்கு எழவில்லை, சரி என்றும் வரவில்லை வேண்டாம் என்றும் வரவில்லை. பக்கத்துல யாருங்க இருக்கறது, அந்தப் பையன் கிட்டக் குடுங்க என்று மட்டும் கேட்டார். தம்பி, என்னால முடியலைப்பா, நீ பாத்துக்கிட்டு இருக்க, நீ சொல்லிடு. கதிரேசன் சொல்லிவிட்டான். எடுத்துடுங்க டாக்டர், ஆள் இருந்தா போதும். போனில் அப்பாவுக்கும் கேட்டதாம், அந்தக் குரலை மறக்க முடியாது என்றார், ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார், சொல்லி முடித்தபின்னும் வெறும் தோலை உரித்துக்கொண்டிருந்தார். இது அவளுக்குத் தெரியும் என்பது கதிரேசனுக்குத் தெரியாது. எத்தனை முறை சொல்லப் பார்த்திருக்கிறாள். தேங்க்ஸ் என்றால் காப்பிக்குச் சொல்வது, பஸ்ஸில் சில்லறைக்குச் சொல்வது. நன்றி என்றால் மேடையில் சொல்வது. இதற்கு என்று ஒரு வார்த்தையை யாரும் செய்து வைக்கவில்லை, அவள் பேச்சைத் தொடங்கி, அன்னிக்கு ரோட்டுல, என்று சொன்னதுமே அவன் முகத்தில் ஒரு கதவு சாத்தும், கடையில ஆள் இல்ல, பம்ப்செட் லோடு வருது, நான் கிளம்பறேன் என்பான். அவனுக்கு அன்னிக்கு ரோட்டுல என்றால் நாய்தான், பிரேக்கில் வைத்த அவன் கால்தான். அவளுக்கு பெல்ட். ஒரே ரோட்டில் இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள், அவன் விழுந்த இடத்திலேயே நிற்கிறான். அம்மாவும் அங்கேயேதான் நிற்கிறாள், வண்டி ஓட்டுனது அவன்தானே என்று ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை சொன்னாள், அது அவன் காதில் விழுந்தது, அம்மா அதைத் திரும்பச் சொன்னதுமில்லை, எடுத்துக்கொண்டதுமில்லை.

அப்படியென்றால், என்று நினைப்பு மெதுவாக, இருட்டில் படி தேடுவது மாதிரி இறங்கியது, ஆள் இருந்தா போதும் என்று சொன்னவன்தானே இவன். அவளுக்கு அதைச் சொன்னவன் செம்பனுக்கு ஏன் சொல்லமாட்டேன் என்கிறான். கால் இல்லாமல் இருக்கலாம் என்று அவளைப் பற்றி நினைத்தவனுக்குத் தன் ஆளைப் பற்றி மட்டும் ஏன் அப்படி நினைக்க வரவில்லை. இல்லை, அன்றைக்கு அவசரத்தில் சொல்லிவிட்டு, பிறகு அவள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. அதுதானோ. அந்தச் சந்தேகத்தோடுதான் இத்தனை நாள் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறானோ. கேட்டால்தான் தெரியும். கேட்காமல் விட்டால் செம்பனைச் செத்ததாக வைத்துக்கொள்ளலாம், நல்லடக்கம் செய்யலாம், அடுத்த ஞாயிறு புது ஆளோடு வருவான், யாரும் விழாத ஆட்டம் மறுபடி தொடங்கும், நொச்சி இலை முளைக்கும். டீ வந்தது.

கோதை தட்டில் டீ கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தாள், ஷாகுல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான், கதிரேசன் கடைசியாக வந்து தன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டைஸ் அதே இடத்தில், அதே பதினொன்றோடு இருந்தது.

"உருட்டியாச்சு கதிர்," என்றாள் பெர்னதெத். "உருட்டினா மாத்த முடியாது. செம்பன் சாகலை."

அவனை இனிமேல் தன்னால் ஆட முடியாது என்றான் கதிரேசன், டீயைப் பார்த்துக்கொண்டே. விதியைப் போட்டவளே விலக்கிக்கொள்ளலாமே, ஒரு தடவைதானே என்று ஷாகுல் சமாதானமாகச் சொல்லிப் பார்த்தான். கோதை அவன் முழங்கையை லேசாகத் தொட்டாள், அவன் நிறுத்திக்கொண்டான். ஏன் ஆட முடியாது என்று பெர்னதெத் கேட்டாள். குரல் கொஞ்சம் கூர்மையாக வந்துவிட்டது, பயத்தில் வந்த கூர்மை, ஆனால் கேட்டாகிவிட்டது, பதில் வரும்வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

கதிரேசன் கிளாஸைத் தள்ளி வைத்தான். "உன் முன்னாடி உக்காந்துக்கிட்டு நான் கால் போன மாதிரி விளையாடறதா? உனக்கு அதைச் செஞ்சதே நான். அதை எடுத்து நானே வேஷம் போட்டுக்கறதா? மத்தவங்க போடலாம். நான் போடக் கூடாது."

அவளுக்கு உடம்பு முழுதும் ஏதோ தளர்ந்தது, இறுக்கிக் கட்டியிருந்த உறையைக் கழற்றினால் காற்றுப் படுமே, அப்படி. அவ்வளவுதானா. இவ்வளவு நேரம் அவள் பயந்தது வேறு எதற்கோ. இவன் அவளை மட்டமாக நினைக்கவில்லை, தன்னைத்தான் நினைத்திருக்கிறான், இத்தனை நாளும். அழுகைக்கும் சிரிப்புக்கும் இடம் கொடுக்காமல் அவள் பேசினாள், நின்றால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து வேகமாகப் பேசினாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில போன்ல அப்பாவால பேச முடியலை. நீதான் சொன்ன, எடுத்துடுங்கன்னு. எனக்குத் தெரியும் கதிர். அப்பா ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள், போகவில்லை.

"நீ சொன்னது சரி. ஒரு நாள்கூட வேற மாதிரி நினைச்சதில்லன்னா அது பொய். ஆஸ்பத்திரியில சில நாள் நினைச்சிருக்கேன், இவன் ஏன் சொன்னான்னு. அதுக்கப்புறம் இல்ல. இன்னிக்குக் காலையில பூசைக்குப் போனேன், வர வழியில மத்தி மீன் வாங்கினேன், விலை பேசி சண்டை போட்டேன். மத்தியானம் குழம்பு வச்சு சாப்பிட்டேன். இது எல்லாம் நீ சொன்னதாலதான். இதை உன்கிட்டச் சொல்லணும்னு எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன், நீ பம்ப்செட் லோடு வருதுன்னு ஓடிடுவ."

ஷாகுல் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். கதிரேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். வண்டி ஓட்டினது நான்தானே என்றான், ரொம்பச் சின்னக் குரலில். ஆமாம், நீதான் ஓட்டினாய் என்றாள் அவள், அதை மறுத்து அவனுக்கு ஆறுதல் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, அது நடந்ததுதான். பெல்ட்டைக் கட்டினதும் நீதான் என்றாள். ரெண்டும் நீதான், ஒண்ணை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கீழே போட்டுட்டா எப்படி என்றாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாளா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாளா, தெரியவில்லை, அது அம்மாவின் ரோடு, அவள் நடந்து வரும்போது வரட்டும்.

டீயில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. கோதை குனிந்து தரையில் கிடந்த ஒரு முறுக்குத் துண்டை எடுத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதற்காகவும் அவர்களை நினைத்து நெஞ்சு நிறைந்தது அவளுக்கு, இப்படிப் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், இந்த நேரத்தில் ஒரு தத்துவம் சொல்லாமல், முதுகில் தட்டாமல், டைஸை எடுத்து விளையாடாமல். மேசைக்கு அடியில் கையை விட்டுக் காலைக் கழற்றி, நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கதிரேசன் அதைப் பார்த்தான். முதல் தடவையாக நேராகப் பார்த்தான், தோலுறை ஒட்டுமிடம், உலோகக் குழாய், ஷூ மாட்டிய பாதம், ஒவ்வொன்றாக, கடையில் ஒரு புது மோட்டாரைப் பார்ப்பது மாதிரி. பிறகு தன் முன்னால் இருந்த காகிதத்தை இழுத்து, செம்பன் என்ற பெயருக்குக் கீழே பென்சிலை வைத்துக்கொண்டான். எதுவும் எழுதவில்லை.

"அவன் எப்ப முழிக்கிறான்?" என்று கேட்டான்.

மறுநாள் என்றாள் அவள். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், வெளியே ஆட்டுமந்தை போகிற சத்தம், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கதை சொல்லும் குரல் அவளுக்குள் தானாக வந்துவிட்டது, ஆனால் எப்போதும் வருகிற ஜம்பம் இல்லை அதில், தெரிந்ததைச் சொல்கிற குரல். காலைப் பற்றி நினைப்பே வராது முதலில் என்றாள். தாகம்தான். நாக்கு அட்டை மாதிரி இருக்கும். மேலே ஓலைக்கூரை, அதில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தில் தூசி மிதக்கும், அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பான், ரொம்ப அழகாக இருக்கும் அது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் தலையைத் திருப்புவான். கட்டில் பக்கத்தில் தரையில் ஒருத்தர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார், தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும், ராத்திரி முழுக்க முழித்திருந்து விடியும்போது அசந்துவிட்ட தூக்கம். சட்டம் கன்னத்தில் அழுந்தித் தடம் விழுந்திருக்கும். அவரைப் பார்த்ததும்தான் செம்பனுக்குத் தெரியும், ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது, ஆனால் நான் இருக்கிறேன் என்று.

கதிரேசனின் பென்சில் அசையவில்லை. அந்தத் தடத்தோடு அவன் அவள் படுத்திருந்த வார்டில் ஒரு காலை முழுக்க அலைந்தான் என்பது இந்த மேசையில் அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

"யாரு உக்காந்திருந்தது?" என்று பெர்னதெத் ஷாகுலையும் கோதையையும் பார்த்துக் கேட்டாள். "நீங்கதான் சொல்லணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது நீங்க ரெண்டு பேரும்தான். பள்ளத்துல இறங்கி அவனைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"நான்," என்றாள் கோதை.

"நான்," என்றான் ஷாகுல், அதே மூச்சில். பிறகு, வண்டி என்னோடது என்று சேர்த்துக்கொண்டான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் இரண்டு பேரும்தான், கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் என்றாள் பெர்னதெத். கதிரேசன் குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதினான், எழுதியதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"தண்ணி கேக்கறான்," என்றான்.